தெலுக் பகாங் கடலோரக் காட்டில் அரை நாள்: தனி வழிகாட்டியோடு போவது எப்படி

பினாங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து பெரிங்கி கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போனால் தெலுக் பகாங். அங்கே வளையச் சந்தியில் திரும்பாமல் நேராகப் போனால் சாலையே முடிந்துவிடும். முடிகிற இடத்தில் பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல். முன்பு பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக இருந்த இந்தக் காடு 2003-இல் தேசியப் பூங்காவானது. நிர்வகிப்பது வனவிலங்குத் துறை. உள்ளூர்க்காரர்கள் பெர்ஹிலித்தான் என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் மலைக்காடு, மறுபக்கம் கருங்கல் பாறையும் மணலும் மாறி மாறி வரும் கடற்கரை, நடுவில் ஒற்றையடிப் பாதை. தனியாகவும் போகலாம். ஆனால் தனியாகப் போகிறவர் கண்ணுக்குப் பெரும்பாலும் படுவது காலடியில் இருக்கும் வேர்தான். தலைக்கு மேல் இருக்கும் லோத்தோங் குரங்கு தெரியாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அதற்காகத்தான்.

எந்தக் கரை?

அரை நாளில் ஒரு கரைதான். இரண்டையும் பார்த்துவிடலாம் என்று சொல்கிற வழிகாட்டி உங்களைப் படகில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். காடு என்று எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வாசலிலிருந்து கடலை ஒட்டியே சிறிது தூரம் நடந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் கரையோரமாகவே போய் தெலுக் துக்குன், தெலுக் அலிங் வழியாகத் தெலுக் டுயோங்கை அடையும். சுற்றுலாப் பயணிகள் குரங்குக் கடற்கரை என்று சொல்வது இதைத்தான். அதற்கும் மேலே, குன்றின் உச்சியில், 1883-இல் கட்டிய முக்கா முனை கலங்கரை விளக்கம். இடப்பக்கப் பாதை காட்டுக்குள் ஏறி, மேட்டைத் தாண்டி, மறுபுறம் பந்தாய் கெராச்சுட் கரையில் இறங்கும். இரண்டுமே ஒரு வழிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர். வேகமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம், நின்று பார்த்து நடந்தால் இரண்டரை.

முதல்முறை வருகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை கெராச்சுட். நல்ல நிழல், உயர்ந்த மரங்கள், முடிவில் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் இரண்டடுக்கு ஏரியும். தெலுக் டுயோங் அழகான கரைதான். ஆனால் வார இறுதியில் அங்கே கோழி வாட்டும் புகையும் நீர் ஸ்கூட்டர் இரைச்சலும் இருக்கும், விலங்கு பார்க்க அமைதி இருக்காது. சின்னப் பிள்ளைகளோ முட்டிவலி உள்ள பெரியவர்களோ கூட வந்தால் கெராச்சுட் ஏற்றம் வேண்டாம். கரையோரப் பாதையில் தெலுக் துக்குன் வரை போய்த் திரும்பினாலே மூன்று மணி நேரத்துக்குப் பார்க்க விஷயம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தை அரை நாள் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அந்தக் கடைசி ஏற்றம் செங்குத்து. மேலே போன பிறகு கட்டடம் பூட்டியிருக்கவும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் மண்சரிவாலும் விழுந்த மரங்களாலும் பாதைகள் மூடப்படுவது இங்கே வழக்கம். கரையோரப் பாதையின் சில பகுதிகள் நீண்ட நாள் மூடியே கிடந்ததுண்டு. அதனால் முன்பதிவு செய்யும்போதே "அந்தப் பாதை மூடியிருந்தால் என்ன செய்வோம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

வறண்ட மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் இடிமழை பெய்யும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமாத்ராவிலிருந்து கிளம்பும் சூறைக்காற்று விடியற்காலையிலேயே வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போகும். அப்படி வந்த நாளில் நடையை ரத்து செய்ய வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும். ஆனால் காற்று அடங்கும் முன் காட்டுக்குள் போகக் கூடாது. காய்ந்த கிளைகள் விழுவது அப்போதுதான்.

பலர் மறந்துவிடுவது கடலின் ஏற்றவற்றம். இங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் மாறும். கரையோரப் பாதையைத் தேர்ந்தெடுத்தால், வற்றம் காலை ஒன்பது, பத்து மணிக்கு வரும் நாளைப் பாருங்கள். பாறைக்குட்டைகள் வெளியே தெரியும். நண்டு தேடி நீண்டவால் குரங்குகள் பாறைக்கு இறங்கும். நீர்நாய்க் கூட்டம் கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு. நல்ல ஏற்றத்தில் வந்தால் வெறும் தண்ணீர்தான். கெராச்சுட் போகிறவர்களுக்கு ஏற்றவற்றம் அவ்வளவு முக்கியமில்லை.

கிழமையும் முக்கியம். செவ்வாய், புதன், வியாழன் சிறந்தவை. வெள்ளிக்கிழமை போவதானால் பன்னிரண்டரைக்கு முன் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். படகுக்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஜும்ஆ தொழுகை நேரத்தில் படகு கிடைக்காது. பள்ளி விடுமுறையைத் தவிருங்கள். மாசி மகத்தன்று தெலுக் பகாங் சிங்கமுக காளியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீவெங்குமிருந்து கூட்டம் வரும். பிற்பகலிலிருந்து சாலை நகராது. திருவிழாவுக்கு வாருங்கள், அன்று காட்டுக்கு வேண்டாம்.

வழிகாட்டியை அமர்த்தும்போது

மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அமைச்சு உரிமம் கொடுக்கிறது. நகரம் சுற்றிக் காட்டுகிறவருக்கு நீல அட்டை, இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை அட்டை. ஜோர்ஜ்டவுன் வீதிகளை நன்றாகக் காட்டுகிறவர் காட்டையும் காட்டுவார் என்று நினைக்காதீர்கள். அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவர் தயங்க மாட்டார்.

விலை பேசும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

1. கட்டணம் குழுவுக்கா, ஆளுக்கா? தனிப் பயணம் என்றால் பொதுவாகக் குழுவுக்குத்தான். நான்கு பேர் சேர்ந்தால் சுமை குறையும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் ஏழாவது ஆள் வந்து சேருமுன் பறவை போய்விடும்.
2. பூங்கா நுழைவுக் கட்டணம், படகுக் கூலி, விடுதியிலிருந்து வண்டி, இவற்றில் எதெல்லாம் சேர்த்தி? நுழைவுக் கட்டணம் குடிமக்களுக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினர்கள் வந்திருந்தால் இதைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.
3. மழை வந்தால் நாள் மாற்றமா, பணம் திரும்பக் கிடைக்குமா? எத்தனை மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும்?
4. தொலைநோக்கி கொண்டு வருவாரா? முதலுதவிப் பை உண்டா, அதில் சொறிமீன் கொட்டினால் ஊற்ற வினிகர் உண்டா? வினிகர் எதற்கு என்று திருப்பிக் கேட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.
5. எந்த மொழியில் விளக்குவார்? மலாயும் ஆங்கிலமும் சுலபமாகக் கிடைக்கும். தமிழில் வேண்டுமென்றால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

உங்கள் பக்கத்து விவரங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இரத்த அழுத்தம், குளவி கொட்டினால் வீக்கம், நீச்சல் தெரியாது என்பது போன்றவை. முக்கியமாக, என்ன பார்க்க ஆசை என்று சொல்லுங்கள். "எல்லாம் பார்க்கணும்" என்றால் வழிகாட்டி வேகமாக நடக்கத் தொடங்கிவிடுவார். "லோத்தோங்கும் மரங்களும் போதும், மெதுவா போவோம்" என்றால் அவருக்கே உற்சாகம் வரும்.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், குறைந்தபட்சம். வெப்பம் 32 பாகை என்று கைப்பேசி காட்டும். ஈரப்பதத்தில் வியர்வை உலராததால் உடல் சூடு இறங்காது. மயக்கம் வருகிறவர்களில் பலர் தண்ணீரை மட்டும் குடித்து உப்பை விட்டவர்கள். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டு போதும்.

காலுக்குப் பிடிமானமுள்ள பழைய விளையாட்டுச் சப்பாத்து. ஜப்பான் சிலிப்பர், ரப்பர்ச் செருப்பு இரண்டும் வேண்டாம். ஈரமான கருங்கல்லில், அதுவும் பாசி படிந்து கறுத்த பகுதியில், அவை நிற்காது. படகிலிருந்து இறங்க ஒரு ஜோடி பட்டைச் செருப்பு பைக்குள் இருக்கட்டும். மெல்லிய நீளக் காற்சட்டை, வெளிர் நிற நீளக்கைச் சட்டை. கொசு மருந்து. மழைச்சட்டையும் வேண்டும்; குடை பாதையில் உதவாது. கைப்பேசிக்கு நீர்புகா உறை. மைகாட் (மலேசிய அடையாள அட்டை) அல்லது கடப்பிதழ், பதிவுக்கு வேண்டும். வங்கி அட்டையும் கொஞ்சம் ரொக்கமும், ஏனென்றால் பூங்காவின் பதிவு முகப்பு எதைக் கேட்கும், படகுக்காரர் எதைக் கேட்பார் என்பது ஒரே மாதிரி இருக்காது. ட்ரோன் கொண்டு வருவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டை வாசலுக்கு வருமுன் முடித்துவிடுங்கள். தெலுக் பகாங் கடைகளில் ரொட்டி சானாய் காலையிலேயே கிடைக்கும். பைக்குள் வைக்கும் நொறுக்குத்தீனி சத்தம் போடாத டப்பாவில், ஜிப் போட்ட பைக்குள் இருக்க வேண்டும். நாசி லெமாக் பொட்டலத்தைச் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டு வருவது குரங்குக்கு அழைப்பிதழ் வைப்பது போல.

காலை

ஜோர்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பேருந்து கொம்தார், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரொக்கமாகக் கொடுத்தால் ஓட்டுநர் மீதி தரமாட்டார், சில்லறை வைத்திருங்கள். விமான நிலையத்திலிருந்து 102. கிராப் வண்டி காலையில் வேகம்.

எட்டு மணிக்கு வாசலில் இருங்கள். பினாங்கில் சூரியன் ஏழுக்குப் பிறகுதான் உதிக்கும், அதனால் எட்டு என்பது இங்கே நல்ல காலை நேரம். முகப்பில் பெயர், அடையாள எண், போகும் இடம், தொலைபேசி எண் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? போகும் இடத்தைச் சரியாக எழுதுங்கள். உள்ளே போய்த் திட்டத்தை மாற்றினால் வழிகாட்டி முகப்புக்குச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது.

முதல் அரை மணி நேரம் பேசாமல் நடங்கள். வெள்ளை வளையம் போட்ட கண்ணும் சாம்பல் நிற உடலுமாக இருக்கும் லோத்தோங் இலை தின்னும் குரங்கு. காலையில் மரத்தின் மேல்தட்டில் மேயும். குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். அந்த நிறம் இலைகளுக்கு நடுவே தெரிந்தால் கூட்டம் முழுவதும் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். கிளை அசைவதைப் பாருங்கள், குரங்கைத் தேடாதீர்கள். காற்றில் எல்லாக் கிளையும் அசையும். ஒரே ஒரு கிளை மட்டும் கீழே தாழ்ந்து மேலே வந்தால் அங்கே ஏதோ தாவியிருக்கிறது. தெலுக் பகாங் சாலையைக் கடக்க இந்தக் குரங்குகளுக்காகவே பழைய தீயணைப்புக் குழாய்களால் 2019-இல் ஒரு தொங்கு பாலம் கட்டினார்கள். வரும் வழியில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மரங்களுக்கு நேரம் கொடுங்கள். கரையோரத்தில் நமக்குத் தெரிந்த முகங்கள் நிறைய: புன்னை, தாழை, சவுக்கு, மலாயில் கெத்தாப்பாங் எனப்படும் நாட்டு வாதுமை. உள்ளே ஏற ஏற மெராந்தி, செங்கால் போன்ற பெருமரங்கள். அடிமரத்தில் பலகை வேர்கள், கீழே பெர்த்தாம் பனையும் பிரம்பும். ஏறும்போது கை தானாக எதையாவது பிடிக்கப் போகும். பிடிக்கும் முன் பாருங்கள். பிரம்பின் முள் கொக்கியைப் போல வளைந்தது, இழுத்தால் இன்னும் ஆழமாக ஏறும்; பின்னால் நகர்ந்து விடுவிக்க வேண்டும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு பாதையோரக் கிளைகளில் இருக்கும். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் இனம் இந்தத் தீவின் காடுகளிலும் வாழ்வது. பகலில் கிளையில் அசையாமல் கிடக்கும், தொடாதவரை அதனால் தொல்லை இல்லை.

மரத்தண்டில் பாசி படிந்த வீக்கம் போல ஏதாவது தெரிந்தால் வழிகாட்டியிடம் காட்டுங்கள். பறக்கும் லெமூர், மலாயில் குபுங், பகலில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வானம் தெரியும் இடங்களில் வெண்வயிற்றுக் கடற்கழுகும் செம்பருந்தும் வட்டமிடும்.

இறக்கத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஏறி முடித்த களிப்பில் வேகம் கூடும், கால் நடுங்கும், காய்ந்த இலைக்கு அடியில் ஈரமண் வழுக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், வேரின் மேல் மிதிக்காமல் வேருக்கு முன்னால் மிதியுங்கள்.

கெராச்சுட்டில்

கரையை ஒட்டி இருக்கும் ஏரியில் நன்னீர் மேலேயும் உப்புநீர் அடியிலுமாக இரண்டு அடுக்கு கலக்காமல் நிற்கும். மலையோடை நன்னீர் கொண்டு வருகிறது, ஏற்றத்தில் கடல் உள்ளே வருகிறது. உப்புநீர் கனமானது, அதனால் அடியில் தங்கிவிடுகிறது. இங்கே அடிநீர் மேல்நீரைவிட வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் இது பருவத்துக்கு ஏற்ப நிரம்பும் ஏரி. வறண்ட மாதங்களில் வந்தால் சேற்றுத் தரைதான் இருக்கும். நல்ல வானிலையும் நிறைந்த ஏரியும் ஒரே நாளில் கிடைப்பது அரிது; எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆமை நிலையம் மீன்வளத் துறையுடையது. பச்சை ஆமையும் ஒலிவ நிற ஆமையும் இந்தக் கரையில் முட்டையிடும்; முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். ஆமை கரையேறுவது இரவில், அதனால் அரை நாள் பயணத்தில் நீங்கள் பார்ப்பது தொட்டிக் குஞ்சுகளும் வேலியிட்ட மணலும்தான். ஒளிவீச்சு அடித்துப் படம் எடுக்காதீர்கள், தொடாதீர்கள்.

கெராச்சுட்டில் குளிக்க வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும், நீரோட்டமும் இருக்கிறது. பினாங்குக் கடலில் சொறிமீன் தொல்லை உண்டு, பெட்டி வடிவச் சொறிமீன் உட்பட. பட்டுவிட்டால் உடனே கரைக்கு வந்து, தேய்க்காமல், குழாய்த் தண்ணீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடமாவது தொடர்ந்து ஊற்ற வேண்டும். நன்னீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத நச்சு முட்களும் வெடிக்கும். பிறகு இழைகளைச் சிறு இடுக்கியால் எடுக்கலாம். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 999. ஆழமற்ற நீரில் நடந்தே ஆக வேண்டும் என்றால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள். புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும்.

குரங்கு விஷயம்

நீண்டவால் குரங்கிடம் நேராகக் கண்ணைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பது சவால் விடுவதாகிவிடும். ஓடாதீர்கள், கத்தாதீர்கள். பையை முன்பக்கம் மாட்டி, பக்கவாட்டாக மெதுவாக விலகுங்கள். பிடித்துவிட்டால் பொருளை விட்டுவிடுங்கள், இழுபறிதான் கடியில் முடிகிறது. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. சின்னக் கீறல்தானே என்று விட வேண்டாம். பிள்ளைகள் பிஸ்கட் போட நினைப்பார்கள். இன்று போட்ட பிஸ்கட்டுக்கு நாளைக்கு வருகிறவர் பையைப் பறிகொடுப்பார்.

திரும்பும் வழி

நடந்து போய்ப் படகில் திரும்புவதே நல்லது. காலையில் காடு குளிர்ச்சி, விலங்குகள் விழித்திருக்கும். பதினொன்றரைக்கு மேல் அதே மூன்றரை கிலோமீட்டர் தண்டனை. கெராச்சுட்டில் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து முக்கா முனையைச் சுற்றித் தெலுக் பகாங் வர அரை மணிக்குள்தான் ஆகும். ஆனால் முனையைத் தாண்டும் இடத்தில் திறந்த கடலின் அலை அடிக்கும். பிற்பகலில் காற்று கூடினால் படகு குதிக்கும். முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தால் மடியில் வைக்காமல் மாட்டி வாரை இறுக்குங்கள். தெலுக் டுயோங்கிலிருந்து படகு பத்து, பதினைந்து நிமிடம். வற்றமாக இருந்தால் முழங்கால் நீரில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

படகை வழிகாட்டி ஏற்பாடு செய்யவில்லை என்றால் காலையிலேயே துறையில் பேசி முடித்துவிடுங்கள். வயதானவரைப் "பாக் சிக்" என்றும் மற்றவரை "அபாங்" என்றும் கூப்பிடலாம். "செஹாலா அத்தாவ் பெர்கி பாலிக்?" என்று கேளுங்கள்: ஒரு வழியா, போய்வரவா? விலை படகுக்கா ஆளுக்கா என்பதையும் அப்போதே தீர்த்து, எத்தனை மணிக்கு எந்தக் கரை என்று கைப்பேசி எண்ணோடு எழுதிக் கொள்ளுங்கள். பணம் முழுவதையும் முன்பே கொடுக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது. அந்த நாளில் நடந்தே திரும்ப வேண்டும், அதற்காகத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வையுங்கள்.

கரைக்கு வந்ததும் நேராகச் சாப்பாட்டுக்கடைக்குப் போய்விடாமல் பூங்கா முகப்பில் திரும்பியதைப் பதிவு செய்யுங்கள். படகில் வருகிறவர்கள் மறப்பது இதைத்தான். அந்தி வரை பெயர் அடிக்கப்படாமல் இருந்தால் ஊழியர்கள் உங்களைத் தேட வேண்டி வரும். மணல் ஈக்கடி இரண்டாம் நாள்தான் அரிக்கத் தொடங்கும். சொறிந்தால் புண்ணாகும், அரிப்பு மாத்திரையும் கலமைன் தைலமும் விடுதிக்குப் போகும் வழியிலேயே வாங்கிவிடுங்கள்.